தலை வலிக்கிறது என்று சொல்லக்கூடாதாம்

இந்தச் சாட்சியை வாசித்துவிட்டு யாரும் அவசரப்பட்டு அல்லேலூயா சொல்ல வேண்டாம். முதலில் கடைசி வரை வாசியுங்கள். ஆண்டவர் என் உயிரைக் காப்பாற்றினார். அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அவருக்கு நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோபத்தை எடுத்துவிட்டு எழுது என்றால் எனக்கு எழுத வராது.

என் பெயர் ரூபி. அம்மா வீடு திண்டிவனம். என் கணவர் செல்வம் லோடு வண்டி ஓட்டுகிறார். அவருக்குச் சொந்த ஊர் விழுப்புரத்தைத் தாண்டி, காணைப் பக்கம். நெல்லும் கரும்பும் பயிர் வைக்கிற குடும்பம். நாங்கள் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவரும் சபைக்கு வர ஆரம்பித்தார். அதனால் என் மாமியாருக்கு, நான் அத்தை என்று கூப்பிடுகிறவருக்கு, என்மேல் தீராத மனக்குறை. பையனைப் பறித்துக்கொண்டு போய்விட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

கல்யாணமாகிப் பல வருடம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. சபையே எனக்காக அழுது ஜெபித்தது. அதை நான் மறக்கவில்லை. கடைசியில் போன வருடம் நான் உண்டானேன். அன்றிலிருந்து என் வயிறு சபையின் பொதுச் சொத்து ஆகிவிட்டது. வருகிறவர்கள் எல்லாம் கை வைத்து ஜெபித்தார்கள். "சுகப்பிரசவம்தான் ரூபி, கொழந்தைய தூக்கிக்கினு மேடையில ஏறி சாட்சி சொல்லப் போற" என்றார் ரோஸ்லின் அக்கா. எங்கள் சபையில் பெண்கள் ஜெபக் குழுவை நடத்துகிறவர் அவர்தான். பிள்ளை பிறப்பதற்கு முன்பே என் சாட்சியை அவர்கள் முடித்து வைத்துவிட்டார்கள். நான் மேடையில் ஏறிச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

வைகாசி மாதம் பெண் பிள்ளை பிறந்தாள். சுகப்பிரசவம்தான். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது ஒரு நர்ஸ் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அம்மா துணிமணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தார். ரோஸ்லின் அக்கா பிள்ளையை மடியில் வைத்திருந்தார்.

"இத பாரு, வீட்டுக்குப் போனதும் எல்லாம் முடிஞ்சிடுச்சுன்னு நெனைக்காத. விடாம தலை வலிச்சா, கண்ணு மங்கலா தெரிஞ்சா, மூஞ்சி கையெல்லாம் வீங்கினா, மேல்வயிறு வலிச்சா உடனே வந்துடணும். ரத்தம் நிக்காம போனாலும், ஜுரம் வந்தாலும், மூச்சு வாங்கினாலும், ஒரு காலு மட்டும் வீங்கி வலிச்சாலும் வரணும். பிட்ஸ் வர்ற வரைக்கும் வெச்சிக்கினு இருக்காதீங்க. புரியுதா?"

எனக்குப் புரிந்தது. ரோஸ்லின் அக்காவுக்கும் புரிந்தது, அதுதான் வினை. ஆட்டோவில் ஏறியதும் பிள்ளையின் தலைமேல் கையை வைத்து, "அந்த நர்ஸ் வாயிலிருந்து வந்த வார்த்தைய எல்லாம் இயேசுவின் நாமத்துல ரத்து பண்றோம்" என்றார். அம்மா ஆமென் என்றார். ஆட்டோ மேம்பாலத்தைத் தாண்டுவதற்குள் தலைவலி, கண் மங்கல், ஜுரம், பிட்ஸ் எல்லாம் ரத்தாகிவிட்டன.

வெளியே உள்ளவர்களுக்கு இது விளங்காது, அதனால் சொல்லிவிடுகிறேன். எங்களில் பலருக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. நோயை வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் அதை அறிக்கை செய்ததாக ஆகிவிடும், பிசாசு அதைப் பிடித்துக்கொள்வான் என்பார்கள். இருமல் வந்தாலும் "நான் சுகமாயிருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். ஜலதோஷத்துக்கு இது போதும். ஜலதோஷம் எப்படியும் தானாகப் போய்விடும்.

அம்மா வீட்டுக்கு வந்த சில நாளில் எனக்குத் தலை வலிக்க ஆரம்பித்தது. முதலில் லேசாகத்தான். அம்மாவிடம் சொன்னேன். "கொழந்த பெத்தவளுக்கு தூக்கம் இல்லன்னா தலை வலிக்காதா? காத்து பூந்திருக்கும்" என்று காதில் பஞ்சை இன்னும் இறுக்கி அடைத்தார். ஃபேன் போடக்கூடாது. தண்ணீர் நிறையக் குடிக்கக்கூடாது, குடித்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்குமாம். பால் ஊற வேண்டும் என்று சுறாக் கருவாட்டுக் குழம்பு, அந்த உப்போடு, வேளைக்கு வேளை வந்தது. வைகாசி வெயிலில் மூடின அறைக்குள் நான் வெந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் வலி மண்டையைப் பிளந்தது. மாத்திரை போட்டும் அடங்கவில்லை. விலா எலும்புக்குக் கீழே, மேல்வயிற்றில், யாரோ முட்டியை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. அதற்கு ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். நர்ஸ் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. "அம்மா, அந்த நர்ஸ் சொன்ன தலைவலி இதுதாம்மா" என்றேன். அம்மா என் வாயைப் பொத்தினார். நிஜமாகவே கையால் பொத்தினார்.

சாயங்காலம் ஜெபக் குழு வந்தது. ரோஸ்லின் அக்கா என் தலையில் கையை வைத்து ஆட்டி ஆட்டி ஜெபித்தார். வலியில் எனக்கு உயிரே போய்விடும் போல இருந்தது. இந்தத் தலைதான் வலிக்கிறது, அதை ஆட்டாதீர்கள் என்று சொல்லக்கூட எனக்கு உரிமை இல்லை. முடித்ததும், "ஞாயித்துக்கிழம சாட்சி இருக்குதுல்ல, அதான் பிசாசு மல்லுக்கட்றான். நீ வாயத் தொறந்து வலிக்குதுன்னு மட்டும் சொல்லிடாத, சாட்சி கெட்டுடும்" என்றார்.

சாட்சி கெட்டுவிடுமாம். ஆள் கெட்டாலும் பரவாயில்லை.

செல்வம் வண்டியோடு ஓசூர் பக்கம் போயிருந்தார். போனில் அழுதேன். "ஒங்க அம்மா சொல்றத கேளு ரூபி. கொழந்த பெத்து வளர்த்தவங்களுக்கு தெரியாதா? டென்ஷன் ஆவாத, நான் வந்துக்கினே இருக்கேன்" என்றார். என் புருஷன் நல்லவர். ஆனால் அன்றைக்கு அந்த போனைச் சுவரில் அடிக்கலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. என் உடம்பைப் பற்றி அம்மாவுக்குத் தெரிகிறது, அக்காவுக்குத் தெரிகிறது, ஓசூரில் இருக்கிறவருக்குத் தெரிகிறது. எனக்கு மட்டும் தெரியக்கூடாதா?

அடுத்த நாள் காலையில் எழுந்தபோது கண்ணுக்கு முன்னால் மினுக்கு மினுக்கென்று பூச்சி பறந்தது. பிள்ளையின் முகம் கலங்கின தண்ணீரில் தெரிகிற மாதிரி தெரிந்தது. அப்போதுதான் எனக்குச் சாவு பயம் வந்தது. இத்தனை வருடம் காத்திருந்து பெற்ற பிள்ளை, அதற்கு முகம் பார்த்துப் பால் கொடுக்க நான் இருக்க மாட்டேனோ என்று நடுங்கினேன். அந்த வீட்டில் நான் தனியாக இருக்க முடிகிற ஒரே இடம் பாத்ரூம். அங்கே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சுவரைப் பிடித்து நின்றேன்.

அதுவரை நான் பொறுமைதான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆண்டவரே, பொறுத்துக்கொள்ள பெலன் தாரும், விசுவாசம் தாரும் என்றே ஜெபித்தேன். அன்றைக்கு அப்படி ஜெபிக்க மனம் வரவில்லை. "ஆண்டவரே, எனக்குப் பொறுமை வேண்டாம். நான் சொல்வதை நம்புகிற ஒரே ஒரு ஆளை இந்த வீட்டுக்கு அனுப்பும். இன்றைக்கே அனுப்பும்" என்று அழுதேன். என் வாழ்க்கையில் ஆண்டவரிடம் சண்டை போட்டது அதுதான் முதல் தடவை.

முன்பகலில் வாசலில் சத்தம் கேட்டது. என் மாமியார் வந்து நின்றார்.

சிரிக்காதீர்கள். அவர் மனந்திரும்ப வேண்டும் என்று நாங்கள் வருடக்கணக்காய் ஜெபித்துக்கொண்டிருந்தோம். எங்களைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர். பேத்தியைப் பார்க்க, ஒரு பையில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, ஒரு கையில் கால் கட்டின நாட்டுக்கோழி, மடியில் சுருட்டி வைத்த கண்ணாடி வளையல் என்று பஸ் பிடித்து வந்திருந்தார். உள்ளே வந்து உட்கார்ந்ததும் வளையலைத்தான் எடுத்தார்.

"எங்க சபையில வளையல் போடமாட்டோம் சம்மந்தியம்மா" என்றார் அம்மா.

"ஒங்க சபையில போடாத. பச்ச ஒடம்புக்காரி வெறுங்கையோட இருக்கக்கூடாது. நான் போனப்புறம் கயட்டிக்கட்டும்."

வேறொரு நாளாக இருந்தால் நான் மறுத்திருப்பேன். அன்றைக்குத் தர்க்கம் செய்ய எனக்குத் தெம்பில்லை, கையை நீட்டினேன். வளையல் விரல் முட்டியைத் தாண்டவே இல்லை. அத்தை இன்னொன்றைப் போட்டுப் பார்த்தார். அதுவும் அங்கேயே நின்றது.

"இன்னாடி இது? வளைகாப்புன்னு எங்க ஊர்ல இதே அளவுதான போட்டேன், சுளுவா ஏறுச்சே. கை ஏன் இப்பிடி ஊதிக் கெடக்குது?"

சொல்லிக்கொண்டே என் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். பாவாடையைத் தூக்கிக் கெண்டைக்காலை விரலால் அமுக்கினார். பிசைந்த மாவில் பதிகிற மாதிரி விரல் பள்ளம் அப்படியே நின்றது. பிறகு அவர் கேட்ட கேள்வியை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

"வேற இன்னா பண்ணுது? சொல்லு."

அந்த வீட்டில் என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவர். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அதே நேரம் ரோஸ்லின் அக்காவும் இன்னும் இரண்டு பேரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். மறுநாள் ஞாயிறு, விசேஷ ஜெபத்துக்காக முன்கூட்டியே வந்திருந்தார்கள். அத்தையைப் பார்த்ததும் அக்கா சிரித்த முகமாக, "ஒங்க மருமகளுக்கு ஒண்ணும் இல்லம்மா. கர்த்தர் பூரண சுகம் குடுத்துட்டாரு. இன்னா ரூபி, சொல்லு" என்றார்.

சொன்னேன்.

"எனக்குத் தலை வலிக்குது. மூணு நாளா வலிக்குது. கண்ணு தெரியல. ஒங்க மூஞ்சியே எனக்குச் சரியா தெரியலக்கா. வயிறு வலிக்குது, கை வீங்கிக் கெடக்குது. எனக்கு ஒண்ணும் சுகமில்ல. நான் செத்துப்போயிடுவேன். நான் செத்தப்புறம் எவ மேடையில ஏறி சாட்சி சொல்லுவா, நீங்களா?"

தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். பிள்ளை விழித்து வீறிட்டது. அந்தக் குரல் என்னுடையதுதானா என்று எனக்கே திகைப்பாக இருந்தது. அது வரைக்கும் நான் யாரையும் எதிர்த்துப் பேசினதில்லை. என் ஜெபத்துக்கு ஆண்டவர் இரண்டு விதமாகப் பதில் கொடுத்தார் என்று இப்போது நினைக்கிறேன். ஒன்று அத்தை. இன்னொன்று அந்தக் கோபம். நான் கேட்காமலே கொடுத்தார்.

ரோஸ்லின் அக்கா முகம் வெளுத்து, "அய்யோ, அப்பிடி அறிக்கை பண்ணாத, வாங்க எல்லாரும் முட்டி போடுவோம்" என்றார். அத்தை எழுந்து நின்று கொண்டையை முடிந்தார்.

"ஜெபம் பண்ணுங்க, வேணாங்கல. வண்டியில குந்திக்கினு பண்ணுங்க. ஏம்பா ஆட்டோ, போயிடாத. ஆஸ்பத்திரிக்கு வுடு. ஜல்தி, ஜல்தி. சம்மந்தியம்மா, கொழந்தய தூக்கு."

அவர்கள் வந்த ஆட்டோவிலேயே என்னைத் திணித்து ஏற்றினார். ஆஸ்பத்திரியில் கையில் பட்டையைச் சுற்றி பி.பி. பார்த்த நர்ஸ், இன்னொரு தடவை பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினார். டாக்டர் அம்மா வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நாளா தலைவலி?"

"இன்னிக்கு காலையிலேந்துதான் டாக்டர்" என்றார் என் அம்மா.

அங்கேயும்! மகள் சாகக் கிடக்கிறாள், டாக்டரிடமும் அறிக்கை செய்யக்கூடாதாம். "பொய் டாக்டரம்மா. மூணு நாளா சொல்லிக்கினு இருக்காளாம். யாரும் காதுல வாங்கல" என்று அத்தை கத்தினது வரைதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்குமேல் எனக்கு நினைவில்லை. பிட்ஸ் வந்து உடம்பு வில்லாக வளைந்ததையும், பல்லில் நாக்கு கடிபட்டு ரத்தம் வந்ததையும், இடுப்பில் இரண்டு பக்கமும் ஊசி போட்டதையும், ஆம்புலன்ஸில் விழுப்புரத்துக்குக் கொண்டுபோனதையும் பிறகு அத்தை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

கண் விழித்தபோது விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கண் சரியாகத் தெரிந்தது. செல்வம் காலடியில் நின்று சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். அங்கிருந்த டாக்டர் நிதானமாக விளக்கினார். கர்ப்பத்தில் பி.பி. நன்றாக இருந்தவர்களுக்கும் பிரசவத்துக்குப் பிறகு ஏறலாம், ஆறு வாரம் வரை கவனிக்க வேண்டும், தலைவலியும் கண் மங்கலும்தான் அது கொடுக்கிற எச்சரிக்கை என்றார். ஆஸ்பத்திரிக்குள் இருக்கும்போது பிட்ஸ் வந்ததால்தான் பிழைத்தேன், வீட்டில் வந்திருந்தால் சொல்ல முடியாது என்றார்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாயால சொன்னா நடந்துடும்னு பயந்தேன்டி" என்றார்.

"சொல்லாமலே நடந்துதேம்மா" என்றேன். அம்மா தேம்பித் தேம்பி அழுதார். அவரை நான் மன்னித்துவிட்டேன், ஆனால் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. போகும்போது போகட்டும்.

ரோஸ்லின் அக்கா கெட்டவர் இல்லை. நான் ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் கஞ்சி கொண்டுவந்தார். என் பிள்ளையைத் தன் மடியிலேயே தூங்க வைத்தார். அவ்வளவு அன்பு வைத்திருப்பவர் நான் சொன்ன ஒரு வார்த்தையை நம்பவில்லையே என்று நினைத்தால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. நான் வீடு திரும்புவதற்குள், "நாங்க ஜெபிச்சோம், ரூபி மரணத்திலிருந்து மீண்டா" என்று அவர் சபையில் சாட்சி சொல்லியும் முடித்துவிட்டார். அதில் அத்தை இல்லை. வளையல் இல்லை. நான் கத்தினது இல்லை. தலைவலி இருந்ததாகவே யாரும் சொல்லவில்லை.

என் அத்தை இரட்சிக்கப்பட்டாரா என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. நான் பிழைத்ததற்குத் தன் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்துவிட்டு வந்தார். யாரிடம் வேண்டினார் என்று நான் கணக்குக் கேட்கவில்லை. அவரை அந்த வாசலுக்கு அனுப்பினவர் யார் என்று எனக்குத் தெரியும். இப்போது காணைக்குப் போனால் எங்கள் இரண்டு பேருக்கும் பழையபடி சண்டைதான். ஆனால் எனக்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் அவருக்குத்தான் போன் போடுவேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஜெபியுங்கள். நானும் ஜெபிக்கிறேன், முன்னைவிட அதிகமாகவே ஜெபிக்கிறேன். ஆனால் உங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவள் தலை வலிக்கிறது என்றால், கண் மங்குகிறது என்றால், துணி துணியாய் ரத்தம் போகிறது என்றால், மூச்சு வாங்குகிறது என்றால், ராத்திரி பகலாக அழுகை வருகிறது, செத்துவிடலாம் போல இருக்கிறது என்றால், அவள் வாயைப் பொத்தாதீர்கள். அவளைத் திருத்தாதீர்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஆஸ்பத்திரியில் ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால் சந்தோஷமாகத் திரும்பி வாருங்கள். ஆண்டவரை நம்பி வழியெல்லாம் ஜெபியுங்கள், அவர் கைவிட மாட்டார். என்னைக் கைவிடவில்லை.

நம் சபையில் கிரேஸ் என்று ஒருத்தி இருந்தாள். பாட்டு நன்றாகப் பாடுவாள். எனக்கு முன்பு பிள்ளை பெற்றவள், சில நாளிலேயே இறந்துபோனாள். கர்த்தர் அழைத்துக்கொண்டார் என்று சொல்லி அடக்கம் செய்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு எனக்கு அவள் ஞாபகமாகவே இருந்தது. அவள் அம்மாவிடம் போய்க் கேட்டேன்.

"குளுருதும்மான்னு சொன்னா. ஜுரம் கொதிச்சிது. ரத்தம் கெட்ட வாடை அடிக்குதுன்னு எங்கிட்ட மட்டும் சொன்னா. வெளிய சொல்லாத, ஜெபம் பண்ணிக்கினே இருன்னு சொல்லிட்டோம் ரூபி. சரிம்மான்னா. அதுக்கப்புறம் அவ ஒண்ணுமே சொல்லல."

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை வாசித்த எங்கள் பாஸ்டர், இந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிடலாமா, அந்தக் குடும்பம் வருத்தப்படுமே என்று கேட்டார். திரும்பவும் அந்த அம்மாவிடம் போனேன். "போடு. எம் பொண்ணு பேரையும் போடு" என்றார். ஆகவே போட்டிருக்கிறேன். கிரேஸும் ஆண்டவரை நம்பினவள்தான். அவளை நாம் யாரும் நம்பவில்லை.